பார்சிலோனா போகிறோம், அங்கே குடியிருப்பவர்களுக்கு நாங்கள் வருவது பிடிக்குமா?

மூட்டைமுடிச்சு கேட்டது:

வணக்கம். செப்டம்பரில் நானும் கணவரும் மாமியாரும் பார்சிலோனா போய், அங்கிருந்து வெனிஸ் போவதாகத் திட்டம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இந்த நேரம் பார்த்து யாரோ மாமியாருக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். தெருவோர மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பயணிகள் மேல் உள்ளூர்க்காரர்கள் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சுகிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து "வேண்டாம் என்று சொல்கிறவர்கள் வாசலில் போய் எதற்கு நிற்கவேண்டும்?" என்று ஒரே பேச்சு. கணவரோ, "அது நாலு பேர் செய்த வேலை, மற்ற எல்லாருக்கும் நம்மை மாதிரி ஆட்கள் போனால்தான் பிழைப்பு" என்கிறார்.

பாதுகாப்பைப் பற்றி நான் கேட்கவில்லை, அதற்கு வேறு இழைகள் இருக்கின்றன. அங்கே வசிப்பவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்? வெறுப்பா, சலிப்பா, இல்லை செய்திக்காரர்கள் ஊதிப் பெரிதாக்கியதா? அப்படிப்பட்ட ஊரில் இருக்கும் யாராவது சொன்னால் நல்லது.

இன்னொன்று. மாமியாருக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அதனால் சமையலறையோடு ஒரு வீடு எடுக்கலாம் என்று இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறோம்.

---

மேட்டுத்தெரு பதில்:

பார்சிலோனாவில்தான் இருக்கிறேன். லா சலூட் என்கிற பகுதி, பயணிகள் கூட்டமாக வரும் பார்க் குயெல் பூங்காவுக்குப் போகும் மேட்டில். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை, வாடகை வீடு. வாடகை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் சுற்றுலாவைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்பது பெரும்பாலும் அவர் இருக்கும் வீடு யாருடையது என்பதைப் பொறுத்தது.

எங்கள் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாடியில் உரிமம் பெற்ற சுற்றுலா வீடு ஒன்று. அதன் சொந்தக்காரர் எதிர் வாசல் அம்மாள். கணவர் இறந்த பிறகு ஓய்வூதியம் போதாமல், மாமியார் வாழ்ந்த வீட்டைப் பயணிகளுக்கு விட ஆரம்பித்தார். வருகிறவர்களுக்குத் தானே கதவைத் திறந்துவிட்டு, எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்று கூட்டிப்போய்க் காட்டுவார். அவரைக் கேட்டால் "அருமையான மனிதர்கள்" என்பார், பொய்யும் இல்லை. அதற்கு நேர் மேலே இரண்டாம் மாடியில் ஒரு செவிலியர், இரவுப்பணி. பகலில் தூங்கவேண்டிய அவருடைய கட்டிலுக்குக் கீழே வாரத்துக்கு வாரம் ஒரு புதுக் கூட்டம் விடுமுறை கொண்டாடுகிறது. 2024 ஜூலை 6 அன்று அளவுமீறிய சுற்றுலாவை எதிர்த்து நடந்த ஊர்வலத்துக்கு, நீங்கள் பார்த்த வீடியோ அன்றைக்குத்தான் எடுத்தது, அவர் போயிருந்தார். துப்பாக்கி எதுவும் கொண்டுபோகவில்லை, பதாகை பிடித்தார்.

இந்த இருவரும் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. படியில் பார்த்தால் வணக்கம் சொல்வார்கள். அம்மாளுக்கு முழங்கால் வலி என்றால் ஊசி போட இவர்தான் இறங்கிப் போவார். வீட்டு உரிமையாளர் கூட்டத்தில் சுற்றுலா வீட்டுப் பேச்சு வரும்போது மட்டும் இருவரும் வாயைத் திறப்பதில்லையாம். ஆமாம், கேள்விப்பட்டதுதான். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை.

மூன்றாம் மாடியில் ஒரு பாட்டி, இதே கட்டடத்தில் பிறந்தவர். அவருக்குச் சத்தம் பெரிதில்லை, காது மந்தம். அவர் குறை வேறு. "முன்பெல்லாம் படியில் தெரியாத முகம் வந்தால் யார் வீட்டுக்கு என்று கேட்பேன். இப்போது யாரைக் கேட்பது?" என்பார். திருடன் ஏறினாலும் தெரியாது, தான் விழுந்து கிடந்தாலும் படியில் வருகிறவர் யாருக்குத் தகவல் சொல்வார் என்று அவருக்குக் கவலை. செய்தியில் வாடகைக் கணக்கு வரும். இந்தக் கவலை வராது.

அப்புறம் பேருந்து. எங்கள் மேட்டில் 116 என்று ஒரு குட்டிப் பேருந்து ஓடுகிறது. செங்குத்தான தெருக்களில் வயதானவர்கள் ஏறி இறங்கவென்றே விட்ட வண்டி. கைபேசி வரைபடத்தில் பார்க் குயெல் என்று போட்டால் இந்த வண்டியைக் காட்டிக்கொண்டிருந்தது. சக்கரப் பையோடு சந்தையிலிருந்து திரும்பும் பாட்டிகள் நிறுத்தத்தில் நிற்க, நிரம்பிய வண்டி நிற்காமல் போகும். வருஷக்கணக்காகப் புகார். கடைசியில் 2024இல் நகராட்சி கேட்டுக்கொண்டதன் பேரில் கூகுள் அந்தத் தடத்தையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டது. பிறகு வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. எங்கள் பாட்டி அன்று வரை திட்டிக்கொண்டிருந்தது பயணிகளை, அப்புறம் அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்த ஊர்க் கோபத்தில் பாதி இந்த வகைதான் என்பது என் எண்ணம். இந்தப் பாதிக்கு மருந்து இருக்கிறது.

மருந்து கிடைக்காத பாதி வீடு. மேயர் ஜாவ்மே கொல்போனி 2024 ஜூனில் சொன்ன கணக்குப்படி பத்து வருஷத்தில் இங்கே வாடகை 68 சதவீதம் ஏறியிருக்கிறது. அதையொட்டித்தான் ஊரில் உள்ள 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமத்தையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்தார். செவிலியருக்கு அது நல்ல செய்தி. முதல் மாடி அம்மாள் அன்றைக்குக் கதவைத் திறக்கவே இல்லை.

எல்லாப் பழியையும் பயணிகள் மேல் போடவும் எனக்கு மனசில்லை. 2024இல் பார்சிலோனா இருக்கும் கத்தலோனியா பகுதியில் வாடகைக்கு உச்சவரம்பு வந்ததும், நிரந்தர ஒப்பந்தத்தை விட்டுவிட்டுச் சில மாதத் தற்காலிக ஒப்பந்தத்துக்கு மாறிய வீட்டுக்காரர்கள் ஏராளம். அந்த வீடுகளில் குடியேறுவது என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். இந்தப் பக்கத்துச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் எங்கள் கை கொஞ்சம் தாராளம். ஆகவே பெட்டி உருட்டுகிறவர்கள் மேல் விழும் பார்வை சில நேரம் எங்கள் மேலும் விழும். நான் 116 நிறுத்தத்தில் நின்றால் இன்றைக்கும் யாராவது ஆங்கிலத்தில் "பார்க்குக்கு அந்தப் பக்கம் நடந்து போகலாம்" என்று வழி காட்டுவார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். இந்த ஊர் மொழியான கத்தலானில் பதில் சொன்னால் முகம் மாறும், உடனே நகரும் படிக்கட்டு மறுபடி பழுதாகிவிட்டது என்று என்னிடமே புலம்புவார்கள். வெளியாள் என்ற எண்ணம் போவதற்கு அவ்வளவு நேரம்தான் ஆகிறது.

தண்ணீர்த் துப்பாக்கி எனக்குப் பிடிக்கவில்லை. அன்று ஊர்வலத்தில் போனவர்கள் ஏறத்தாழ 2,800 பேர் என்று காவல்துறை சொன்னது, பீய்ச்சியவர்கள் அதில் கொஞ்சம் பேர். கேட்டது நகராட்சியிடம், நனைந்தது சாப்பிட உட்கார்ந்த குடும்பம். ஆனால் ஒன்று: ஊர்வலம் நடத்திய அதே அமைப்புகள் அதற்கு முன் பல வருஷம் மனு கொடுத்தன, கூட்டம் போட்டன, பால்கனியில் துணி கட்டின. அந்தப் படம் எதுவும் உங்கள் மாமியார் கைபேசிக்கு வரவில்லை.

பிடிப்பதும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். பக்கத்துப் பகுதி கிராசியாவில் ஆகஸ்ட் நடுவில் ஒரு வாரம் திருவிழா. தெருவுக்குத் தெரு அங்கே குடியிருப்பவர்கள் பல மாதம் உட்கார்ந்து காகிதம், பிளாஸ்டிக் பாட்டில், அட்டையை வைத்து ஒரு முழுத் தெருவையே காடாகவோ கடலாகவோ மாற்றுவார்கள். போன வருஷம் நானும் ஒட்டுகிற வேலைக்குப் போனேன். படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு வெளிநாட்டுப் பெண்மணி நின்று, "இந்த மீன் செதில் எதில் செய்தது?" என்று கேட்டார். முட்டைப் பெட்டி. அதைச் செய்த பெரியவர் அவருக்கு நாற்காலி போட்டு, வெட்டுவதிலிருந்து வண்ணம் பூசுவது வரை பாடம் நடத்திவிட்டுத்தான் விட்டார்.

---

அலைத்தாண்டி பதில்:

வெனிஸ் பக்கம் நான் சொல்கிறேன். மெஸ்த்ரேயில் ஒரு ஹோட்டலில் இரவு வரவேற்பு மேசை என் வேலை. மெஸ்த்ரே என்பது வெனிஸ் தீவுக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம், தரையில் இருக்கும் ஊர். எங்கள் ஹோட்டலில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தீவில் பிறந்த தாத்தா பாட்டி உண்டு. தீவில் வீடு யாருக்கும் இல்லை.

1950களின் தொடக்கத்தில் தீவு வெனிஸில் ஏறத்தாழ 1,75,000 பேர் இருந்தார்கள். 2022இல் 50,000க்குக் கீழே போய்விட்டது. ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை ஜன்னலில் மீதி எத்தனை பேர் என்று சிவப்பு எண் பலகை வைத்திருக்கிறார்கள், 2008இலிருந்து. பயணிகள் அதையும் படம் எடுக்கிறார்கள்.

இங்கே கோபம் முக்கியமாகப் பகலில் வந்து பகலிலேயே போகிறவர்கள் மேல். கப்பலிலிருந்தும் ரயிலிலிருந்தும் இறங்கி, கூட்டத்தோடு சான் மார்க்கோ சதுக்கம் வரை போய்ப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். படகில் ஏறுவதற்கு உள்ளூர்க்காரரும் அவர்களோடு முட்டி மோதவேண்டும். 2024 ஏப்ரல் 25இலிருந்து நெரிசல் நாட்களில் இவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். 2025இல் கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ ஆக்கினார்கள். இரவு தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை, மெஸ்த்ரேயில் தங்கினாலும் இல்லை. ஆனால் பதிவு செய்து விலக்குச் சீட்டு எடுத்து வையுங்கள்.

கட்டணம் வந்தால் குடியிருப்பவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். முதல் நாளே தீவின் நுழைவில் உள்ள பியாத்சாலே ரோமா சதுக்கத்தில் ஆர்ப்பாட்டம் செய்தது அவர்கள்தான். டிக்கெட் வாங்கி நுழைய இது என்ன பொருட்காட்சியா, இங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்றார்கள். எங்கள் சமையல்காரர் அந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போய்விட்டு மாலை வேலைக்கு வந்து, அன்றைய கூட்டத்துக்கு எப்போதும் போல வடித்துக் கொட்டினார். 2020இல் ஊர் காலியாக இருந்தபோது சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தவரும் அவரே. அந்த அமைதியைப் பற்றிக் கேட்டால், "முதல் வாரம் அழகாக இருந்தது" என்பார். அதற்கு மேல் பேசமாட்டார்.

---

நேர்க்கோடு பதில்:

எல்லாம் சரி. ஆனால் இதே பார்சிலோனாக்காரர்களும் வெனிஸ்காரர்களும் கோடை வந்தால் விமானம் ஏறி வேறு எங்கோ போய் இதே வேலையைத்தானே செய்கிறார்கள்? 2024இல் ஸ்பெயினுக்குப் போன வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 9.4 கோடி. நாட்டு மக்கள்தொகையே 5 கோடியைத் தொடவில்லை. அந்தக் காசில் சாலை போட்டு, சம்பளம் வாங்கி, அப்புறம் வருகிறவனைத் திட்டுவது என்ன நியாயம்? பிடிக்கவில்லையென்றால் விமான நிலையத்தை மூடட்டும்.

---

மேட்டுத்தெரு பதில்:

போகிறார்கள்தான். எங்கள் செவிலியர் போன கோடையில் லிஸ்பன் போய்வந்தார், அங்கேயும் இதே புலம்பலாம். வந்ததும் முதலில் சொன்னது, "நான் ஹோட்டலில்தான் தங்கினேன்" என்று. நான் கேட்கவே இல்லை.

காசு வருகிறது, மறுக்கவில்லை. யாருக்கு வருகிறது என்பதில்தான் சிக்கல். முதல் மாடி அம்மாளுக்கு வருவது கண்ணுக்குத் தெரிகிறது. பல வீடுகளை மொத்தமாகக் கையில் வைத்து நடத்துகிறவர்களுக்கு வருவது எங்கே போகிறது என்று தெருவில் யாருக்கும் தெரியாது. வேலை கிடைத்தவருக்கு அந்தச் சம்பளத்தில் இந்த ஊரில் வீடு கிடைப்பதில்லை. அலைத்தாண்டி சொன்ன சமையல்காரர் கதை இங்கேயும் தெருவுக்கு ஒன்று உண்டு.

ஜார்ஜ் டாக்ஸி என்ற ஆய்வாளர் 1975லேயே இதை நாலு கட்டமாக எழுதினார்: முதலில் குதூகலம், பிறகு அலட்சியம், பிறகு எரிச்சல், கடைசியில் பகை. ஊர் முழுக்க ஒன்றாகச் சேர்ந்து படி ஏறுகிற மாதிரி அதில் வரும். நான் பார்த்தவரை ஒரே படிக்கட்டில் நாலு கட்டமும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. எங்கள் பாட்டியோ 116 விஷயத்தில் நாலாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கியே வந்துவிட்டார்.

விமான நிலையத்தை மூடச் சொல்லி எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை. 1992 ஒலிம்பிக்கில் ஊர் கடற்கரைப் பக்கம் திரும்பியதையும் உலகமே வந்து பார்த்ததையும் பாட்டி இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

---

மூங்கில்வேலி பதில்:

நான் ஜப்பானில், கியோட்டோவில் படித்தவன். அங்கே யாரும் கத்தமாட்டார்கள், தண்ணீரும் அடிக்கமாட்டார்கள். பலகை வைப்பார்கள். கியோன் பகுதியில் கெய்ஷா என்ற பாரம்பரியக் கலைஞர்களை வழிமறித்துப் படம் எடுக்கும் தொல்லை தாங்காமல், 2024இல் தனியார் சந்துகளில் பயணிகள் நுழையத் தடை போட்டு, மீறினால் 10,000 யென் அபராதம் என்று எழுதிவைத்தார்கள். அதே வருஷம் ஃபுஜிகாவாகுச்சிகோ என்ற ஊரில், ஒரு கடைக்குப் பின்னால் ஃபுஜி மலை தெரிகிற இடத்தில் கூட்டம் அலைமோதியதால், இரண்டரை மீட்டர் உயரக் கருப்புத் திரை கட்டி மலையையே மறைத்தார்கள். பின்னால் கழற்றிவிட்டார்கள். சத்தமில்லாத ஊரில் கோபமில்லை என்று நினைத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

---

மூட்டைமுடிச்சு பதில்:

எல்லாருக்கும் நன்றி. மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். முட்டைப் பெட்டி மீன் செதில் வரை கேட்டுவிட்டு, "சரி, போகலாம்" என்றார். கணவர் நேர்க்கோடு கட்சி, அவர் முகத்தில் வெற்றிப் புன்னகை.

மேட்டுத்தெரு அக்கா, இரண்டு சந்தேகம். வீடு எடுக்க வேண்டாம் என்கிறீர்களா? மாமியார் சமையலை விடமாட்டார். அப்புறம் அவருக்கு மேடு ஏற முடியாது, 116 இல்லாமல் பார்க் குயெல் எப்படிப் போவது?

---

மேட்டுத்தெரு பதில்:

சமையலறை வேண்டுமென்றால் அப்பார்ட்மென்ட் ஹோட்டல்கள் இருக்கின்றன. ஒரு கட்டடம் முழுக்க ஹோட்டல், அறையிலேயே அடுப்பும் பாத்திரமும் இருக்கும், கீழே ஆள் இருப்பார். மேல் மாடியில் தூங்க முயலும் செவிலியர் இருக்கமாட்டார். என் ஓட்டு அதற்குத்தான். வீடுதான் என்று முடிவு செய்தால், விளம்பரத்தில் எச்யூடிபி என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள், அது திருட்டுத்தனமாக நடத்துவது. இரவு விமானத்தில் வந்தால் பெட்டியைப் படியில் தூக்கிக்கொண்டு போங்கள், உருட்டவேண்டாம். அழைப்புமணியில் உங்கள் வீட்டு எண்ணைச் சரிபார்த்துவிட்டு அமுக்குங்கள். நடுராத்திரியில் எத்தனை பேருக்கு நான் எழுந்து கதவு திறந்துவிட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

பார்க் குயெல்லுக்கு, நகர நடுவில் உள்ள பிளாசா கத்தலூனியா சதுக்கத்திலிருந்து 24ஆம் எண் பேருந்து பிடியுங்கள். பெரிய வண்டி, கார்மெல் சாலைப் பக்க வாசலுக்கு அருகே இறக்கிவிடும், செங்குத்தான ஏற்றம் கிடையாது. மெட்ரோவில் வல்கார்கா நிலையத்தில் இறங்கினால் நகரும் படிக்கட்டு உண்டு, ஆனால் இடையிடையே சாதாரணப் படியும் ஏறவேண்டும், அதுவும் பழுதாகாத நாள் என்றால். மாமியாரோடு அது வேண்டாம்.

டிக்கெட் முன்கூட்டியே நேரம் குறித்து வாங்கவேண்டும், வாசலில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வராதீர்கள். 2013இல் கட்டணம் வந்தபோது இங்கேயும் வெனிஸ் மாதிரி எதிர்ப்புக் கிளம்பியது, நாயை நடக்கக் கூட்டிப்போகிற இடத்துக்குச் சீட்டா என்று. சுற்றிலும் குடியிருப்பவர்களுக்கு இப்போது பதிவு செய்தால் இலவசம். பாதி வேடிக்கை என்னவென்றால், அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் கௌதி அதைப் பூங்காவாகவே திட்டமிடவில்லை. குயெல் என்ற பணக்காரருக்காக 60 மனை போட்டுப் பணக்காரக் குடியிருப்பாகத் தொடங்கியது. மனை அவ்வளவாக விற்கவில்லை, குடிவந்தவர்கள் மிகச் சிலர், கடைசியில் நகராட்சி வாங்கி 1926இல் பூங்காவாகத் திறந்தது.

காலையில் முதல் நேரச் சீட்டாக எடுங்கள், வெயிலும் கூட்டமும் குறைவு. செப்டம்பர் கடைசி என்றால் 24ஆம் தேதியை ஒட்டி லா மெர்சே திருவிழா, சதுக்கத்தில் மனிதக் கோபுரம் கட்டுவார்கள். பக்கத்தில் நிற்கிறவர்களையும் அடியில் முட்டுக்கொடுக்கக் கூப்பிடுவது உண்டு. உங்கள் கணவர் உயரமா?